இயற்பியல் கற்பிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது: பதினொன்றாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஒன்றை உருவாக்க விரும்புகிறீர்கள். நிரல் எழுதத் தெரிந்த இருவரும், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் குழுவில் இருக்கிறீர்கள். பாடநூலை, சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெரும் மொழி மாதிரி ஒன்றோடு இணைத்துவிட்டால் போதுமா, போதாதென்றால் எங்கிருந்து தொடங்குவது?

போதாது. பாடநூலை மொழி மாதிரியோடு இணைத்தால் கிடைப்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் கருவி. மாணவருக்கோ பெரும்பாலும் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது; அந்த இடத்தில்தான் அவருக்கு ஆசிரியர் தேவைப்படுகிறார். நல்ல ஆசிரியர் மாணவரின் நோட்டைப் பார்த்ததும், எதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதியிருப்பார் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுகிறார். சரி, தவறு என்று குறியிடுவது அதற்குப் பிறகு வரும் வேலை. அந்த ஊகத்தை மென்பொருளுக்குள் கொண்டுவருவதே உங்கள் உழைப்பின் பெரும்பகுதியாக இருக்கப்போகிறது. மொழி மாதிரியை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். மாணவர்கள் எந்தக் கணக்கில், எந்த வரியில், என்ன நினைத்துத் தவறுகிறார்கள் என்ற அறிவு அப்படிக் கிடைக்காது. ஆகவே உங்கள் மூவரில் இன்றியமையாதவர் அந்த ஆசிரியர்தான்.

இதற்கு மிக வலுவான சான்று துருக்கியிலிருந்து வருகிறது. அங்கே ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு 2023இல் கணிதப் பாடத்தில் நடந்த ஆய்வில், ஒரு பிரிவினர் வழக்கம்போல் நூலையும் குறிப்பேட்டையும் வைத்துப் பயிற்சி செய்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு ஜிபிடி-4 மாதிரியைச் சாதாரண உரையாடல் வடிவில் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு அதே மாதிரியை, விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படியும், ஒவ்வொரு கணக்குக்கும் சரியான தீர்வையும் மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழைகளையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தும் அமைத்தார்கள். பயிற்சி நேரத்தில் இரண்டாம் பிரிவினரின் மதிப்பெண் 48 விழுக்காடும், மூன்றாம் பிரிவினரின் மதிப்பெண் 127 விழுக்காடும் உயர்ந்தன. பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாதாரண உரையாடலைப் பயன்படுத்தியவர்கள் நூலை மட்டும் படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எழுதினார்கள். ஆசிரியர்களின் உள்ளீட்டோடு அமைந்த மூன்றாம் பிரிவில் அந்தச் சேதம் பெரும்பாலும் நிகழவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 127 விழுக்காடு உயர்ந்த பயிற்சி மதிப்பெண், தேர்வில் நூல்வழிப் பிரிவினரைத் தாண்டும் அளவுக்குக்கூடப் பயன்படவில்லை. கருவி பக்கத்தில் இருக்கும்போது மாணவர் எத்தனை கணக்குகளைச் சரியாக முடிக்கிறார் என்ற எண்ணை ஒருபோதும் உங்கள் வெற்றியின் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உயிரறிவியல் மாணவர்களுக்கான தொடக்கநிலை இயற்பியல் பாடத்தில் 194 மாணவர்களை வைத்து நடந்த, 2025இல் வெளியான ஆய்வில், செயற்கை நுண்ணறிவு ஆசிரியரோடு வீட்டிலிருந்து படித்தவர்கள், மாணவர் பங்கேற்போடு நன்றாக நடத்தப்பட்ட வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றிருந்தார்கள். அங்கேயும் மென்பொருளை வடிவமைத்தவர்கள் அந்தப் பாடத்தைக் கற்பிப்பவர்களே. ஒவ்வொரு கேள்விக்கும் படிப்படியான முழுத் தீர்வை அவர்களே எழுதி மாதிரிக்குக் கொடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டுமே நகரும்படி கட்டுப்படுத்தினார்கள். இரண்டு ஆய்வுகளிலும் பயன் தந்த வடிவத்துக்குப் பின்னால் இருந்தது, பாடம் தெரிந்தவர்கள் கணக்குக் கணக்காக உட்கார்ந்து எழுதிவைத்த உள்ளடக்கம்.

இந்தத் துறைக்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதைப் படிக்காமல் தொடங்குபவர்கள், முன்பே தீர்க்கப்பட்ட சிக்கல்களில் ஓராண்டைத் தொலைக்கிறார்கள். ஹைமே கார்பொனெல் 1970இல் ஸ்காலர் என்ற நிரலை உருவாக்கினார். தென்னமெரிக்கப் புவியியலைப் பற்றி மாணவரும் அதனிடம் கேட்கலாம், அதுவும் மாணவரிடம் கேட்கும். 1984இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம், தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் கற்றவர்களில் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று எழுதினார். அந்த எண்ணை இன்றும் பலர் விளம்பரத்துக்கு எடுத்தாள்கிறார்கள். அதை நம்பி இலக்கு வைக்காதீர்கள். 2011இல் கர்ட் வான்லேன் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரின் தனிப்பயிற்சி தந்த பயன் 0.79 திட்ட விலக்க (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) அளவே இருந்தது; புளூமின் 98 விழுக்காடு ஏறத்தாழ 2 திட்ட விலக்கத்துக்குச் சமம். நமக்கு முக்கியம் அந்தத் தொகுப்பின் இன்னொரு பகுதி: இறுதி விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருள்களின் பயன் 0.31, மாணவர் எழுதும் ஒவ்வொரு படியையும் சரிபார்த்து உதவும் மென்பொருள்களின் பயன் 0.76. மொழி மாதிரிகள் வருவதற்கு முன்னரே, படிப்படியாகப் பார்க்கும் மென்பொருள் மனித ஆசிரியரை நெருங்கிவிட்டது என்பதே இதன் பொருள். நீங்கள் கட்ட வேண்டியது இந்த இரண்டாம் வகை.

அப்படிக் கட்டப்பட்டவற்றுள் உங்களுக்கு மிக நெருக்கமானது ஆண்டிஸ். வான்லேனின் குழுவும் அன்னபோலிஸில் உள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் பேராசிரியர்களும் சேர்ந்து உருவாக்கி, 2000ஆம் ஆண்டையொட்டிய பல பருவங்களில் மாணவர்களின் இயற்பியல் வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்திய மென்பொருள் அது. மாணவர் திரையில் விசைகளை அம்புகளாக வரைவார், ஆய அச்சுகளை அமைப்பார், மாறிகளுக்குப் பெயர் வைப்பார், பிறகு சமன்பாடுகளை எழுதுவார். ஒவ்வோர் உள்ளீடும் உடனே பச்சையாகவோ சிவப்பாகவோ மாறும். இது ஏன் தவறு என்று கேட்கலாம். அடுத்து என்ன செய்வது என்றும் கேட்கலாம்.

அதில் சமன்பாட்டைச் சரிபார்த்த முறையை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே சரியான கருத்தை மாணவர்கள் நூறு விதமாக எழுதுவார்கள்: பக்கம் மாற்றி, இரண்டு சமன்பாடுகளை ஒன்றாக்கி, எண்களை முன்னதாகவே போட்டு. எழுத்து வடிவத்தை ஒப்பிட்டால் சிக்கிக்கொள்வீர்கள். ஆண்டிஸ், கணக்கின் தீர்வில் ஒவ்வொரு மாறிக்கும் என்ன மதிப்பு வரும் என்று முன்பே கணித்து வைத்துக்கொண்டு, மாணவரின் சமன்பாட்டில் அந்த மதிப்புகளைப் பொருத்திப் பார்த்தது. இரு பக்கமும் சமமானால் பச்சை. பைத்தான் நிரல்மொழியில் சில பத்து வரிகளில் இதை எழுதிவிடலாம். மொழி மாதிரியை இந்த வேலைக்கு விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து: நூற்றில் ஐந்து முறை அது சரியான சமன்பாட்டைத் தவறென்று சொன்னாலும், நன்றாகப் படிக்கும் மாணவர் கருவியை நம்புவதை நிறுத்திவிடுவார், தடுமாறும் மாணவரோ தன் சரியான கருத்தையே கைவிட்டுவிடுவார்.

ஆனால் இந்த முறையில் மதிப்புகளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். நிறையை 1 கிலோகிராம் என்று வைத்தால், மாணவர் நிறையை எழுதவே மறந்தாலும் சமன்பாடு பச்சையாகிவிடும். 2 என்று வைத்தால் இரண்டால் பெருக்குவதும் வர்க்கம் காண்பதும் ஒன்றாகிவிடும். சாய்தளத்தின் கோணத்தை 45 பாகை என்று வைத்தால் சைனும் கொசைனும் ஒரே மதிப்பைத் தருவதால், அவ்விரண்டையும் மாற்றி எழுதும் பிழை முற்றாக மறைந்துபோகும். பாடநூல் கணக்குகளில் எண்கள் எளிமைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் கணக்குகளில் எண்கள் பிழைகளைப் பிரித்துக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. உராய்வற்ற, 30 பாகை சாய்தளத்தில் 3 கிலோகிராம் நிறையுள்ள பொருள் இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று கொண்டு தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தரும் விசையை, அதாவது செங்குத்து விசையைக் கேட்கிறோம். சரியான விடை ஏறத்தாழ 25.5 நியூட்டன். ஒரு மாணவர் 29.4 என்று எழுதினால், செங்குத்து விசை எப்போதும் எடைக்குச் சமம் என்று அவர் நம்புகிறார் என்று ஊகிக்கலாம். சமதளத்தில் வைத்த புத்தகத்தை மட்டுமே எடுத்துக்காட்டாகப் பார்த்துப் பழகியவர் இப்படித்தான் எழுதுவார். 14.7 என்று எழுதினால், எடையைக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, எந்தக் கூறு எது என்பதில்தான் குழப்பம். முதலாமவரிடம் தளத்தின் கோணத்தை 90 பாகையாக்கினால் தளம் பொருளைத் தாங்குமா என்று கேட்க வேண்டும். இரண்டாமவரிடம் அந்தக் கேள்வி வீண். அவரைப் படத்தில் கோணத்தைக் குறிக்கச் சொல்ல வேண்டும். இருவருக்கும் 'தவறு, மீண்டும் முயல்க' என்ற ஒரே பதிலைக் கொடுக்கும் மென்பொருள் இருவருக்குமே ஆசிரியராக இருக்கவில்லை.

எடையும் செங்குத்து விசையும் ஒன்று என்பது போன்ற கருத்துகளின் பட்டியல்தான் உங்கள் மென்பொருளின் முதுகெலும்பு. இதில் நீங்கள் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. மேல்நோக்கிச் சுண்டிய நாணயத்தின் மீது மேலே செல்லும்போது என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று ஜான் கிளெமென்ட் பொறியியல் மாணவர்களிடம் கேட்டார். கையின் விசை நாணயத்தோடு சேர்ந்து மேலே போவதாகப் பெரும்பாலோர் வரைந்ததை 1982இல் வெளியிட்டார். பள்ளி ஆசிரியராக இருந்து ஆய்வாளரான ஜிம் மின்ஸ்ட்ரெல், மாணவர்களின் இத்தகைய அரைகுறைக் கருத்துகளைத் தலைப்புவாரியாக வகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கேள்வி பொருந்தும் என்று குறித்து வைத்தார். டேவிட் ஹெஸ்டெனெஸும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வில் கணக்கீடே கிடையாது. தவறான விடைகள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையில் நம்பும் ஒரு கருத்தைக் கூறுவதால், எந்தத் தவறான விடையைத் தேர்ந்தார் என்பதே நோயறிதலாகிறது. லாரியும் காரும் மோதும்போது லாரிதான் பெரிய விசையைத் தருகிறது என்ற விடையைத் தேர்பவர்களில், நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர்களும் இருப்பார்கள்.

ஆகவே முதலில் நிரல் எழுதாதீர்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடநூலின் இயக்க விதிகள் அலகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; முழுப் பாடநூலையும் தொடங்கினால் எதுவும் ஆழமாக அமையாது. அந்த அலகில் முப்பது நாற்பது கணக்குகளைத் தேர்ந்து, உங்கள் ஆசிரியர் மாணவர்களை அருகில் உட்காரவைத்து, நினைப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவற்றைச் செய்யச் சொல்ல வேண்டும். அவர்கள் சொன்ன வாக்கியங்களைத் திருத்தாமல், பேச்சு வழக்கிலேயே எழுதிவையுங்கள். 'ஸ்பீடா போறதால ஃபோர்ஸ் அதிகம்' என்று ஒரு மாணவர் சொன்னால் அதே வடிவில் அது உங்கள் தரவில் இருக்க வேண்டும். நாளை மென்பொருளிடமும் மாணவர்கள் இதே மொழியில்தான் பேசப்போகிறார்கள். மொழி மாதிரியையே மாணவராக நடிக்கச் செய்து இந்தத் தரவைத் தயாரிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். நடிக்கும் மாதிரிக்கு விடை தெரியும். ஒரு குறிப்புக் கொடுத்தவுடன் மிக எளிதாகப் புரிந்துகொண்டுவிடும். உண்மையான மாணவரின் தவறான கருத்து அவ்வளவு எளிதில் விலகாது.

இந்தத் தரவு கையில் இருந்தால் கட்டமைப்பு தானாகவே தெளிவாகிறது. மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் ஆர்ட் கிரேசரின் குழு உருவாக்கிய ஆட்டோடியூட்டர், ஒவ்வொரு கேள்விக்கும் நல்ல விடையில் இருக்க வேண்டிய கருத்துகளின் பட்டியலையும் எதிர்பார்க்கக்கூடிய தவறான கருத்துகளின் பட்டியலையும் வைத்துக்கொண்டு, மாணவர் எழுதியது எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று பார்த்து அடுத்த நகர்வை முடிவு செய்தது: இன்னும் சொல்லத் தூண்டுவது, குறிப்புக் கொடுப்பது, விடுபட்ட ஒரு சொல்லை நிரப்பச் சொல்வது, கடைசியில் தானே சொல்வது. அந்த வடிவம் இன்றும் பழசாகவில்லை. சொற்களின் பொருளை ஒப்பிட அவர்களிடம் இருந்த பழைய புள்ளியியல் முறைகள்தான் பலவீனமானவை. அந்த ஓர் இடத்தில்தான் இன்றைய மொழி மாதிரி பெரிய முன்னேற்றம்.

எனவே மொழி மாதிரிக்கு இரண்டே வேலைகளைக் கொடுங்கள். மாணவர் எழுதிய வாக்கியத்தைப் படித்து, உங்கள் பட்டியலில் உள்ள எந்தக் கருத்து அதில் தென்படுகிறது என்றோ, எதுவுமில்லை என்றோ சொல்வது ஒன்று. உங்கள் நிரல் தேர்ந்தெடுத்த நகர்வை, மாணவரின் சொற்களை எடுத்தாண்டு இயல்பான தமிழில் எழுதுவது மற்றொன்று. எந்த நகர்வு என்பதை நிரல் முடிவு செய்யட்டும். சரியா தவறா என்பதைச் சமன்பாட்டுச் சரிபார்ப்பி முடிவு செய்யட்டும். மாதிரி எழுதிய பதில் மாணவருக்குப் போவதற்கு முன், அதில் இறுதி விடையோ மாணவர் இன்னும் எட்டாத படியோ கசிந்திருக்கிறதா என்று இன்னொரு சோதனையும் வேண்டும்.

முதல் வேலையை மாதிரி எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்பதை ஊகத்தில் விடக் கூடாது. சில நூறு மாணவர் வாக்கியங்களை இரண்டு ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் வகைப்படுத்தட்டும். அவர்களுக்குள்ளேயே எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் கோஹன் கப்பா அளவால் கணித்துக்கொண்டு, பிறகு மாதிரியை அவர்களோடு ஒப்பிடுங்கள். ஆசிரியர்களே ஒத்துப்போகாத இடங்களில் உங்கள் பட்டியல் தெளிவில்லாமல் இருக்கிறது என்று பொருள். மாதிரியைக் குறைசொல்லிப் பயனில்லை. மாதிரியின் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையை மீண்டும் ஓட்டுங்கள்.

இன்னொரு குணத்தையும் தனியாகச் சோதிக்க வேண்டும். மொழி மாதிரிகள் பேசுபவருக்கு இணங்கிப் போகும் இயல்புடையவை. 'இல்லை, எனக்கு உறுதியாகத் தெரியும், உச்சியில் நாணயத்தின் மீது விசையே இல்லை' என்று மாணவர் இரண்டு முறை அழுத்திச் சொன்னால், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொள்ளும் மாதிரி, அந்தத் தவறான கருத்தை முன்னைவிட ஆழமாக ஊன்றிவிடுகிறது. சரியாகச் சொல்லும் மாணவரை வீணாகச் சந்தேகிப்பதும் இதற்குச் சமமான கேடு. இரண்டுக்கும் ஆயத்தமாக உரையாடல்களை எழுதிவைத்து, ஒவ்வொரு பதிப்பிலும் ஓட்டிப் பாருங்கள்.

மாணவருக்கு எது தெரியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990களின் நடுவில் முன்வைத்த, புதிய சான்று வரும்போதெல்லாம் வாய்ப்பைத் திருத்திக்கொள்ளும் பேய்ஸ் தேற்றத்தின் வழியில் அமைந்த முறை சிறிய குழுவுக்குப் போதுமானது. ஒவ்வொரு திறனுக்கும் நான்கு எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு முறை பயின்றால் கற்கும் வாய்ப்பு, தெரியாமலே சரியாக எழுதும் வாய்ப்பு, தெரிந்தும் தவறும் வாய்ப்பு. தெரிந்திருக்கும் வாய்ப்பு 0.4, தற்செயலாகச் சரியாவது 0.2, கைதவறுவது 0.1, கற்கும் வாய்ப்பு 0.1 என்று கொண்டால், ஒரு சரியான விடைக்குப் பின் மதிப்பீடு 0.78 அளவுக்கு உயரும். தவறான விடைக்குப் பின் 0.17 அளவுக்கு இறங்கும். 0.95ஐத் தாண்டினால் அந்தத் திறனில் தேர்ச்சி என்று கொண்டு அடுத்ததற்குப் போவது அவர்களின் வழக்கம். நான்கு விருப்பங்களுள்ள வினாக்களை மட்டும் கொடுத்தால் தற்செயல் வாய்ப்பே 0.25 ஆகிவிடும் என்பதால் தேர்ச்சியைக் கண்டறிய வெகுநேரம் பிடிக்கும்; மாணவர் தானே படிகளை எழுதும் வடிவத்தை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆழ்கற்றல் கொண்டு இதைச் செய்யும் புதிய முறைகள் உள்ளன, ஆனால் அவற்றுக்குப் பெருந்தரவு வேண்டும், உங்களிடம் அது இருக்காது.

குறிப்புகளைப் பொறுத்தவரை, பழைய மென்பொருள்களிலிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடம் ஒன்று உண்டு. படிப்படியாகத் தெளிவாகும் குறிப்புகளை வைத்து, கடைசிக் குறிப்பில் விடையைச் சொல்லும்படி அமைத்தால், மாணவர்களில் ஒரு பகுதியினர் முதல் குறிப்புகளைப் படிக்காமலே அழுத்தி அழுத்திக் கடைசிக்குப் போய்விடுகிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரையன் பேக்கர் 2004இல் தம் குழுவினரோடு இதை ஆராய்ந்தபோது, இப்படி நடந்துகொண்ட மாணவர்கள் குறைவாகவே கற்றதாகக் கண்டார். அதற்காகக் கடைசிக் குறிப்பை எடுத்துவிடாதீர்கள். நேர்மையாக முயன்று மாட்டிக்கொண்டவருக்கு அது வேண்டும். விடையைச் சொன்ன பின் அந்தப் படி ஏன் சரி என்று மாணவரையே ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள். அதே கருத்தில் எண்களும் சூழலும் மாறிய இன்னொரு கணக்கைச் சிறிது நேரம் கழித்துக் கொடுங்கள். தீர்த்துக்காட்டிய கணக்குகளைத் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டு படிக்கும் மாணவர்களே நன்றாகக் கற்கிறார்கள் என்பதை மிஷெலீன் சீயும் சகாக்களும் 1989இல், இதே இயக்கவியல் பாடத்தை வைத்தே காட்டினார்கள்.

எல்லாவற்றையும் உரையாடலாக்கவும் வேண்டாம். வான்லேனின் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வுகளில், மாணவரின் நிலைக்கேற்ப எழுதப்பட்ட உரையைப் படிப்பதைவிட அதே உள்ளடக்கத்தை உரையாடலில் கற்பது பெரும்பாலும் கூடுதல் பயன் தரவில்லை. மாணவரின் நிலைக்கு மேற்பட்ட உள்ளடக்கத்தைக் கற்கும்போதுதான் உரையாடல் உதவியது. நன்றாக எழுதிய ஒரு பத்தி போதும் என்ற இடத்தில் பத்தியைக் கொடுங்கள். அது மலிவானதும்கூட.

படங்களில் மாதிரியை நம்பாதீர்கள். தனித்த பொருளின் விசைப்படத்தை மாணவர் தாளில் வரைந்து ஒளிப்படம் எடுத்து அனுப்பினால், அம்பு எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எது நீளம் என்பதை மாதிரிகள் அடிக்கடி தவறாகப் படிக்கின்றன. விசைப்படம் சொல்லவருவதே அவைதாம். ஆண்டிஸ் செய்ததுபோல், திரையிலேயே அம்பை இழுத்து வைக்கும் எளிய வரைதளத்தைக் கட்டிவிட்டால், ஒவ்வோர் அம்பும் திசையும் பெயரும் உடைய ஒரு தரவாக உங்கள் நிரலுக்கு நேராகக் கிடைக்கும். கைப்பேசியின் சிறு திரையில் இது நன்றாக இயங்கும்படி செய்வதற்குத் தனி உழைப்பு தேவை, ஆனால் தகும். அறிவியல் என்பது கணக்கு மட்டுமன்று என்பதால், கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, கணினியில் இயக்கிப் பார்க்கும் ஃபெட் செயல்விளக்கங்களைப் போன்றவற்றையும் சேர்க்கலாம். அவற்றை வெறுமனே விளையாட விடாமல், என்ன நடக்கும் என்று மாணவர் முன்கூட்டியே எழுதி, பிறகு ஓட்டிப் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கச் சொல்லுங்கள். தவறான கருத்துக்கு எதிரான மிக வலுவான வாதம், மாணவர் தன் கையால் எழுதிய கணிப்பு கண்முன்னே பொய்ப்பது.

தமிழில் செய்வதால் வரும் வேலைகள் சில. மாணவர்கள் தமிழ் எழுத்தில் தமிழும், ஆங்கில எழுத்தில் தமிழும், இடையிடையே ஆங்கிலச் சொற்களுமாகத் தட்டச்சு செய்வார்கள். மூன்றையும் ஏற்றுக்கொண்டு, பதிலைப் பாடநூல் கலைச்சொற்களோடு எளிய எழுத்துத் தமிழில் கொடுங்கள். மாதிரிகள் தமிழ்நாட்டுப் பாடநூலின் முடுக்கத்தையும் இலங்கைப் பாடநூலின் ஆர்முடுகலையும் கலந்து எழுதக்கூடும் என்பதால், உங்கள் பாடநூலின் கலைச்சொல் பட்டியலைக் கொடுத்து, வெளிவரும் பதிலை அதோடு சரிபார்க்கவும் வேண்டும். செலவு முன்புபோல் இல்லை. மாதிரிகள் உரையைத் துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன, துண்டுகளின் எண்ணிக்கைப்படியே கட்டணம்; தமிழ் எழுத்துகளை அவை மிகச் சிறு துண்டுகளாக உடைத்ததால் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு செலவான காலம் இருந்தது. ஜிபிடி-4ஓ 2024 மே மாதம் வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ்ப் பத்தி 35 துண்டுகளாகக் குறைந்திருந்தது. இருந்தாலும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாதிரியில் உங்கள் சொந்த உரையாடல்களை ஓட்டிக் கணக்கிட்ட பிறகே விலை நிர்ணயம் பற்றி யோசியுங்கள்.

சட்டத்தையும் தொடக்கத்திலேயே பாருங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தையின் நடத்தையைக் கண்காணிப்பதற்கும் தடை உண்டு. மாணவர் என்னென்ன பிழை செய்கிறார் என்று தொடர்ந்து பதிவு செய்வதே உங்கள் மென்பொருளின் உயிர் என்பதால், இது ஓரத்தில் வைக்கக்கூடிய விஷயமன்று. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உள்ளன; ஒரு பள்ளியோடு சேர்ந்து இயங்கினால் அவை உங்களுக்கும் பொருந்துமா என்பதை ஒரு வழக்குரைஞரிடம் கேட்டுவிட்டு, பெயரும் எண்ணும் மொழி மாதிரி நிறுவனத்துக்குப் போகாதபடி நிரலை முதல் நாளே அமைத்துவிடுங்கள்.

இனி அளப்பது. தொடங்கும் முன் ஒரு தேர்வு, முடிந்ததும் ஒரு தேர்வு, சில வாரங்கள் கழித்து இன்னொன்று. மூன்றும் தாளில், மென்பொருள் இல்லாமல். அதே நேரத்தை அதே கணக்குகளைத் தாளில் செய்து, விடைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் ஒரு பிரிவோடு ஒப்பிடுங்கள். ஒன்றுமே செய்யாத பிரிவோடு ஒப்பிட்டால் எந்த மென்பொருளும் வென்றுவிடும். ரிச்சர்ட் ஹேக் 1998இல் 6,542 மாணவர்களின் தேர்வுகளைத் தொகுத்தபோது பயன்படுத்திய அளவு உங்களுக்கும் ஏற்றது: முன்தேர்வில் இழந்த மதிப்பெண்ணில் எத்தனை பங்கைப் பின்தேர்வில் மீட்டார்கள் என்பது. விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் அது சராசரியாக 0.23, மாணவர் பங்கேற்போடு நடந்த வகுப்புகளில் 0.48. உங்கள் முதல் பதிப்பு 0.23ஐ ஒட்டி நின்றால் சோர்ந்துவிடாமல், மொத்த எண்ணைப் பிரித்துப் பாருங்கள். மூன்றாம் விதி பற்றிய வினாக்களில் முன்னேற்றமும் செங்குத்து விசை வினாக்களில் தேக்கமும் இருந்தால், செங்குத்து விசைக்கு நீங்கள் எழுதிய கேள்விகளில்தான் கோளாறு. அந்த இடத்தில் நின்ற உரையாடல்களை உங்கள் ஆசிரியர் ஒவ்வொன்றாகப் படித்து, எந்தக் கேள்விக்குப் பிறகு மாணவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள் என்று குறித்துத் தரட்டும். இரண்டாம் பதிப்பில் மாற்ற வேண்டிய வரிகள் அவையே.